புல்லைப் பிடிப்பது யார்?

திருகோணமலை உப்புவெளியில் விடுதி நடத்தும் நண்பரிடம் புல்வெட்டும் பழைய தோட்ட ட்ராக்டர் ஒன்று இருக்கிறது. அதன் வயிற்றுக்குக் கீழே தொங்குவது 42 அங்குல டெக். கவிழ்த்த தாம்பாளம் மாதிரியான இரும்புக் கூடு, உள்ளே இரண்டு பிளேட்டுகள். போன மாரி முடிந்தபின் அது புல்லை வெட்டவில்லை, கடித்துத் துப்பியது. "பிளேட் மொட்டை, தீட்டுங்கோ" என்றார்கள் எல்லாரும். தீட்டினோம். ஒரு மாற்றமும் இல்லை.

அரிவாளால் வெட்டும்போது இடக்கை புல்லைப் பிடித்துக்கொள்கிறது. திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள் மேயும் மான்களுக்கு மேல்வாயில் முன்பற்களே கிடையாது. கீழ்ப்பற்களுக்கும் மேல் ஈறுக்கும் இடையில் புல்லைக் கவ்வி வெடுக்கென்று இழுக்கின்றன. எதுவானாலும் யாரோ பிடித்தாக வேண்டும். இந்த இயந்திரத்தில் அந்த இடக்கை, காற்று.

பிளேட்டின் பின்விளிம்பைக் கவனியுங்கள், மேல்நோக்கி வளைந்திருக்கும். அது விசிறியின் இறகு. 53 சென்ரிமீற்றர் நீளமுள்ள பிளேட் நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றினால் அதன் நுனி மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். அது காற்றை மேலே தள்ளி, பக்கவாயால் வெளியேற்றுகிறது. கூட்டுக்குள் அழுத்தம் குறைய, கீழிருந்து காற்று ஏறி, படுத்த புல்லையும் நிமிர்த்துகிறது. நிமிர்ந்த தாள் வளைந்து விலகுவதற்குள் வெட்டு விழுந்துவிடும்.

டெக்கைக் கழற்றிக் கவிழ்த்தபோது மேல்தகட்டில் கையளவு ஓட்டை. காற்று அதன் வழியே தப்பிக்கொண்டிருந்தது. உள்ளே ஒட்டிய ஈரப்புல்தான் கறளின் தாய்வீடு. போதாததற்குக் கடலுப்பு: அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்திலும் தகடு முழுதாகக் காய்வதில்லை. உப்புநீர் மின்னை நன்றாகக் கடத்துவதால் அரிப்பும் விரைவாக நடக்கிறது.

நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து, 3 மில்லிமீற்றர் தகட்டை ஒட்டினோம். ஒரே இழுப்பில் வெல்டிங் செய்தால் சூட்டில் தகடு நெளியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொட்டு வைத்து, ஆறவிட்டுத் தொடர வேண்டும். வெல்டிங் மெஷினின் எர்த் கிளிப்பை பிளேட் தண்டில் மாட்டவே கூடாது. மின்சாரம் தண்டைத் தாங்கும் பேரிங் குண்டுகளின் வழியே பாய்ந்து அவற்றில் பொத்தல் போடும். கராஜ்களில் அடிக்கடி நடக்கும் பிழை இது; சத்தம் பிறகுதான் கேட்கும்.

எங்கள் பேரிங்குகள் அதற்கு முன்பே போய்விட்டிருந்தன. எண் 6204. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளை, 20 மில்லிமீற்றர். (04இலிருந்துதான் இந்தக் கணக்கு, 6203க்கு 17.) பேரிங்கை அதன் கூட்டுக்குள் இறுக்கும்போது வெளிவளையத்தில் மட்டும் தட்ட வேண்டும், உள்வளையத்தில் விழும் அடி முழுவதையும் குண்டுகள்தான் வாங்கும். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் வரும் குழாயை மறந்தால், நட்டை முறுக்க முறுக்க இரண்டும் பக்கவாட்டில் நசுங்கும்.

பேரிங்கைக் கொன்றது எங்கள் தீட்டலாகவும் இருக்கலாம். பிளேட்டின் ஒரு பக்கம் நடுவிலிருந்து 20 சென்ரிமீற்றரில் 10 கிராம் கூடினால் போதும், அந்த வேகத்தில் அது 20 கிலோ எடை தொங்குவதுபோல் தண்டை இழுக்கும், நொடிக்கு 50 தடவை திசை மாற்றி மாற்றி. சுவரில் ஆணியடித்து, நடுத்துளையால் பிளேட்டை மாட்டுங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தை அராவுங்கள்.

பூட்டுவதற்கு முன் ரயர்களுக்குக் காற்று. இரு பக்கமும் சமமில்லாவிட்டால் டெக்கை எப்படித் தூக்கிக் கட்டினாலும் புல்வெளி சரிந்தே தெரியும். பெல்ட் கப்பிப் பள்ளத்தின் பக்கங்களைக் கவ்வ வேண்டும். அடியைத் தொட்டால் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள்.

கடைசியாக முன்பக்கச் சாய்வு. வெட்டுவது பிளேட்டின் முன்பாதி வட்டம். பின்பாதி வெட்டிய புல்லின் மேல்தான் போகிறது. பின்பக்கம் தாழ்ந்திருந்தால் வெட்டியதையே திரும்ப வெட்டும், இன்ஜின் முக்கும். எங்களுடையது அப்படித்தான் தொங்கியது. முன்னே 6 மில்லிமீற்றர் இறக்கிக் கட்டினோம். முக்கல் நின்றது. இப்போது ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் நண்பர் மரச்சட்டத்தால் டெக்கின் உட்புறத்தைச் சுரண்டுகிறார், முணுமுணுத்துக்கொண்டே.