வானவில்லைப் பிரித்துப் பார்த்தால் அழகு போய்விடுமா?

மழைத்துளிக்குள் நுழையும் வெயில் முதலில் சற்று வளைகிறது. துளியின் பின்பக்கத்தில் பட்டுத் திரும்புகிறது. வெளியே வரும்போது இன்னொரு முறை வளைகிறது. சிவப்பு ஏறத்தாழ 42 டிகிரியிலும் ஊதா 40 டிகிரியிலும் வெளியேறுவதால், நிறங்கள் தனித்தனியாக நம் கண்ணை எட்டுகின்றன. இந்தக் கோணத்தை 1637-ல் பிரெஞ்சுத் தத்துவஞானி தேகார்த் கணக்கிட்டார். நிறங்கள் பிரிவதன் காரணத்தை நியூட்டன் முக்கோண வடிவக் கண்ணாடியான முப்பட்டகத்தை வைத்துக் கண்டறிந்து, 1704-ல் வெளியான தன் ஒளியியல் நூலில் விளக்கினார்.

சரி, இதில் கவிஞர்களுக்கு என்ன வேலை? நிறையவே இருந்தது.

மருத்துவம் படித்த ஆங்கிலக் கவிஞர் மார்க் ஏகன்சைட், 1744-ல் கற்பனை தரும் இன்பங்களைப் பற்றி ஒரு நெடுங்கவிதை வெளியிட்டார். அறிவியல் வழிகாட்டியபோது தெரிந்த அளவுக்கு வானவில் அதற்குமுன் தனக்கு அழகாகத் தெரிந்ததே இல்லை என்கிறார். அதோடு விடவில்லை. கதிர் துளிக்குள் புகுவது, குழிந்த பின்சுவர் அதைத் திருப்பி அனுப்புவது, வெவ்வேறு கோடுகளில் வந்து பார்ப்பவர் கண்ணில் படுவது என எல்லாவற்றையும் செய்யுளிலேயே சொல்லி முடிக்கிறார். இயற்கைக்கு விதி உண்டு, அது எல்லோருக்கும் பொது, அதைப் புரிந்துகொள்வதே ஆனந்தம். பகுத்தறிவை முன்னிறுத்திய ஐரோப்பிய அறிவொளிக் காலத்தின் நம்பிக்கை இதுதான்.

அடுத்த தலைமுறைகளில் காற்று மாறியது. 1817 டிசம்பர் 28 அன்று லண்டனில் ஓவியர் ஹேடன் வீட்டில் ஒரு விருந்து. நியூட்டன் வானவில்லின் கவித்துவத்தையே அழித்துவிட்டார் என்று எழுத்தாளர் சார்லஸ் லாமும் கவிஞர் ஜான் கீட்ஸும் அங்கே ஒரே குரலில் சொன்னார்கள். 1820-ல் வந்த ‘லேமியா’ கவிதையில் கீட்ஸ் அதையே எழுதினார்: ஒருகாலத்தில் வியப்பூட்டிய வானவில், இழை இழையாகப் பிரிக்கப்பட்டு, சாதாரணப் பொருள்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

கீட்ஸ் அறிவியல் தெரியாமல் பேசினார் என்று நினைக்க வேண்டாம். அவரும் கைஸ் மருத்துவமனையில் பயிற்சி பெற்று, 1816-ல் மருத்துவம் செய்ய உரிமம் வாங்கியவர். ‘லேமியா’வின் கதையைப் பாருங்கள். நாயகி பெண்ணுருவம் எடுத்த பாம்பு. திருமண விருந்தில் ஒரு தத்துவஞானி அவளை உற்றுப் பார்த்து, பாம்பு என்று சொல்லிவிடுகிறார். அவள் மறைகிறாள், மணமகன் அன்றிரவே இறக்கிறான். ஞானி சொன்னது உண்மைதான், கீட்ஸ் அதை மறுக்கவே இல்லை. அந்த உண்மைக்கு ஒரு மனிதன் என்ன விலை கொடுத்தான் என்று கேட்கிறார். உணர்ச்சியையும் கற்பனையையும் முன்னிறுத்திய கீட்ஸ் போன்ற ரொமான்டிக் கவிஞர்களின் கேள்விகளிலேயே கனமானது இது என்பேன்.

அப்புறம், ஒளியியலே அவர்கள் பக்கமும் கொஞ்சம் சாய்கிறது. அருகில் நிற்பவருடைய கண்ணுக்கு வேறு துளிகளிலிருந்துதான் ஒளி வருகிறது. ஆக, ஆளுக்கொரு வானவில்! தனிமனித அனுபவத்தைப் போற்றியவர்களுக்கு இது எவ்வளவு பிடித்திருக்க வேண்டும்!

ஹேடன் வீட்டு விருந்தில் இன்னொரு ரொமான்டிக் கவிஞரான வேர்ட்ஸ்வொர்த்தும் இருந்தார். தன் வாழ்க்கையைச் சொல்லும் நெடுங்கவிதையில், கேம்பிரிட்ஜில் உள்ள நியூட்டன் சிலையைப் பற்றிப் பிற்பாடு சில வரிகள் சேர்த்தார். அவற்றில் முப்பட்டகம் வருகிறது. ஆனால் அவர் வியந்தது கணக்கை அல்ல, விசித்திரமான சிந்தனைக் கடல்களில் தன்னந்தனியாகப் பயணம் செய்த ஒரு மனத்தை. நியூட்டனையே ஒரு ரொமான்டிக் நாயகனாக்கிவிட்டார்.