பள்ளி வாசலில் 30: கேமரா சம்மன் யார் பெயருக்கு, எந்த முகவரிக்கு வரும்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் நகருக்குள் 1-ஆம் கூட்டரசுச் சாலை போகிறது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி, ஈப்போவுக்கு வேலைக்குப் போகிற கார், முன்னால் ஒன்று பின்னால் இரண்டு என்று பிள்ளைகளை ஏற்றிய மோட்டார், காலை ஏழு மணிக்கு எல்லாம் ஒரே சாலையில்தான். "பள்ளி வாசலில் ஒரு கேமரா வைக்கக் கூடாதா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. அதற்கு முன்னால் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பள்ளிப் பகுதியில், அறிவிப்புப் பலகை காட்டும் நேரத்தில், மணிக்கு 30 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான் சட்டம். 30-இல் வரும் கார், ஓட்டுநர் கண்டு பிரேக் போட்டு நிற்க, காய்ந்த சாலையில் ஏறக்குறைய 13 மீட்டர் ஓடும். 60-இல் வந்தால் 35 மீட்டரைத் தாண்டிவிடும். மழைக்காலத்தில் இன்னும் கூடும். ஒரு பிள்ளை சாலையைக் கடக்க அந்த 20 மீட்டர் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

தானியங்கி கேமரா நம் நாட்டில் 2012 செப்டம்பரில் ஏஇஎஸ் என்ற பெயரில் வந்தது. 2017-இல் அவாஸ் என்று பெயர் மாறி, ஓட்டுநர் உரிமத்தில் குற்றத்துக்காக ஏறும் டிமெரிட் புள்ளிகளோடு இணைந்தது. அதை நடத்துவது சாலைப் போக்குவரத்து இலாகா, அதாவது ஜேபிஜே. நிலையான கேமராக்கள் பெரும்பாலும் நெடுஞ்சாலை, கூட்டரசுச் சாலை, சிக்னல் சந்திப்பு ஆகிய இடங்களில்தான் உள்ளன. இவை போக, போலீசும் ஜேபிஜேயும் சாலையோரம் கேமராவை நிறுத்தி வைத்தும் பிடிப்பார்கள்.

கேமரா வேகத்தை அளந்து, வண்டி எண்ணைப் படம் பிடிக்கிறது. ஓட்டியவர் யார் என்று அதற்குத் தெரியாது. ஆகவே சம்மன், அதாவது அபராதக் கடிதம், பதிவில் உள்ள உரிமையாளர் பெயருக்கு, பதிவில் உள்ள முகவரிக்குப் போகும். தோட்டத்து மக்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். தோட்ட லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடிவந்து பல வருடம் ஆகியிருக்கும். ஜேபிஜே பதிவில் இன்னும் பழைய தோட்டத்து முகவரிதான் இருக்கும். கடிதம் தோட்ட ஆபீசிலேயே கிடக்கும். எங்கள் சித்தப்பா பெயர் மாற்றாமல் மோட்டாரை விற்றார். வாங்கியவர் ஓட்டிய ஓட்டத்துக்குச் சம்மன் இவர் பெயரில் வந்தது.

இப்போது தாமதம் நேரடியாகப் பணத்தைத் தின்னும். 2026 ஜனவரி முதல், 15 நாளுக்குள் கட்டினால் 50 விழுக்காடு கழிவு. 16-ஆம் நாளிலிருந்து 30-ஆம் நாள் வரை 33 விழுக்காடு. அதற்கு மேல் கழிவே இல்லை. 60 நாள் தாண்டினால் நீதிமன்றம். 300 வெள்ளிச் சம்மன் என்றால், முதல் 15 நாளில் 150 வெள்ளியோடு முடியும். கடிதமே கைக்கு வராதவருக்கு இந்தச் சலுகை எதற்கு?

எனவே கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள். மைஜேபிஜே செயலியில் ஜேபிஜே சம்மனையும், மைபாயார் பிடிஆர்எம் செயலியில் போலீஸ் சம்மனையும் மாதம் ஒருமுறை பாருங்கள். போன் பழக்கம் இல்லாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். அடையாள அட்டையில் முகவரி மாற்றியிருந்தாலும், ஜேபிஜே பதிவிலும் மாறியிருக்கிறதா என்று கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விற்ற வண்டிக்கு உடனே பெயர் மாற்றம் செய்யுங்கள். வண்டியை வேறொருவர் ஓட்டியிருந்தால், அவர் யார் என்று உரிமையாளர் தெரிவிக்க வேண்டும். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு அதைக் கேட்கிறது. மகன் ஓட்டியதற்கு அப்பா பெயரில் புள்ளி ஏறுவதைத் தடுக்க இதுதான் வழி.

சரி, நம் பள்ளிக்குக் கேமரா? பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஜேபிஜேக்கும் போலீசுக்கும் எழுதிக் கேட்கலாம். ஆனால் கூட்டரசுச் சாலையில் வேகப் பலகை, மின்னும் மஞ்சள் விளக்கு, பாதசாரிக் கோடு எல்லாம் பொதுப்பணி இலாகாவின் கையில் இருப்பவை. முதல் கடிதம் அங்கே போகட்டும் என்பேன். 30 பலகையே மறைந்து கிடக்கிற இடத்தில் கேமரா வைத்தும் பயனில்லை. கடிதத்தில் பள்ளி தொடங்கும் நேரம், முடியும் நேரம், பிள்ளைகள் கடக்கும் இடம், இதுவரை நடந்த விபத்துகளின் தேதி, போலீஸ் ரிப்போர்ட் எண் ஆகியவற்றை எழுதி, படங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.