வளையத்துக்குள் தப்பிய காலனிகள்: இயற்கைத் தேர்வும் ஆன்டிபயாடிக்கும்

ஒரு கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை எளிமையானது. 4 மி.மீ. தடிமனுள்ள முல்லர்-ஹின்டன் அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) தட்டில் கிருமிக் கரைசலைப் பஞ்சுக்குச்சியால் சீராகப் பூசி, மேலே மருந்து ஊறிய காகித வில்லைகளை வைத்து, 35 டிகிரி செல்சியஸில் 16 முதல் 18 மணி நேரம் விட வேண்டும். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் விழும். அதன் விட்டத்தை அளந்து அட்டவணையோடு ஒப்பிட்டால் முடிவு வந்துவிடும். கரைசல் அடர்த்தியாகிவிட்டால் வளையம் சுருங்கும். அகார் மெலிந்துபோனால் பொய்யாக விரியும்.

சில தட்டுகளில் வளையத்துக்குள்ளேயே இரண்டு மூன்று காலனிகள் (கிருமி பெருகி உண்டான திட்டுகள்) தனித்து நிற்கும். வேறு கிருமி கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே அந்தக் காலனியைத் தொட்டெடுத்துத் தனியாக வளர்த்து, இனத்தை உறுதிசெய்து, சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். அதே கிருமிதான் என்று தெரிந்த பிறகும் வெளி வளையத்தின் விட்டத்தை மட்டும் எழுதி 'மருந்து கேட்கும்' என்று அறிக்கை அனுப்புவது பெரும்பிழை. இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய அந்தச் சிறுபான்மைதான், அதே மருந்தைக் கொடுத்தால், சில நாளில் நோயாளியின் உடலில் பெரும்பான்மை ஆகும்.

1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் டார்வின், வாலஸ் இருவரின் பெயரிலும் வாசிக்கப்பட்ட இயற்கைத் தேர்வுக் கருத்து இந்தத் தட்டில் ஒரே இரவில் நடந்து முடிகிறது. அதற்கு வேண்டியவை மூன்றுதான். ஒரே இனத்துக்குள் வேறுபாடு இருக்க வேண்டும். அது சந்ததிக்குப் போக வேண்டும். அந்த வேறுபாட்டால் சிலர் அதிகம் பிழைத்துப் பெருக வேண்டும். மூன்றும் இருந்தால் தேர்வு நடந்தே தீரும். யாரும் திட்டமிட வேண்டியதில்லை, கிருமிக்கு அறிவும் வேண்டியதில்லை.

பலருடைய புரிதல் இங்கேதான் வழிதவறுகிறது. 'மருந்து பழகிப் பழகிக் கிருமி கற்றுக்கொண்டது', 'உடம்புக்கு மருந்து பழகிவிட்டது' என்கிறார்கள். இரண்டுமே தவறு. எதிர்ப்பைப் பெறுவது நோயாளியின் உடம்பு அல்ல, கிருமிக் கூட்டம். அந்தக் கூட்டத்திலும் பெரும்பாலும் எந்தத் தனிக் கிருமியும் மாறவில்லை. மாறியிருந்தவை ஏற்கெனவே இருந்தன. மற்றவை செத்ததால் இவை வெளியே தெரிந்தன.

இதை நிரூபித்த சோதனை 1943-இல் லூரியா, டெல்ப்ரூக் என்ற இரு அறிவியலாளர்கள் செய்தது. பாக்டீரியாவைப் பல குழாய்களில் தனித்தனியே வளர்த்தார்கள். பிறகு, அவற்றைக் கொல்லும் வைரஸ் பூசிய தட்டுகளில் பரப்பினார்கள். வைரஸைத் தொட்ட பிறகுதான் எதிர்ப்பு பிறக்கிறது என்றால், எல்லாக் குழாய்களிலிருந்தும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் காலனிகள் வர வேண்டும். ஒரு தொகுப்பில் 20 குழாய்களில் 11-இல் ஒன்றுகூட வரவில்லை. ஒரே ஒரு குழாயில் மட்டும் 107. வைரஸைக் காணும் முன்பே அந்தக் குழாயில் வெகு சீக்கிரம் ஒரு மரபணு மாற்றம் நேர்ந்து, அதன் வாரிசுகள் பெருகியிருந்தன என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் பொருந்தாது. மருந்துக்கும் இதேதான். 30,000 ஆண்டுப் பழமையான உறைமண்ணிலேயே ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுக்கள் கிடைத்திருக்கின்றன. நாம் மாத்திரை செய்யத் தொடங்கி நூறாண்டுகூட ஆகவில்லை.

இந்த ஒரு உண்மையை ஒப்புக்கொண்டால் சிகிச்சையைக் கணக்காகவே போடலாம். காசநோயைப் பாருங்கள். நுரையீரலில் விழுந்த ஒரு குழியில் 10 கோடி கிருமிகள் இருக்கலாம். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டும் காசநோய் மருந்துகள். ஐசோனியாசிடை எதிர்ப்பது சுமார் 10 லட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசினை எதிர்ப்பது சுமார் 10 கோடியில் ஒன்று. ஐசோனியாசிட் மட்டும் கொடுத்தால், முதல் மாத்திரைக்கு முன்பே ஏறத்தாழ 100 கிருமிகள் அதற்கு அடங்காதவை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டுக்கும் தப்பக்கூடியது ஒரு கோடி கோடியில் ஒன்று. குழியில் அவ்வளவு கிருமியே இல்லை. 1948-இல் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் தேறிவந்த பலர் மீண்டும் சரிந்ததும் இதனால்தான். இன்றைய வழக்கமான சிகிச்சையில் முதல் 2 மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்தே வருகின்றன. எச்.ஐ.வி.க்கு மூன்று மருந்து சேர்த்துக் கொடுப்பதற்கும் இதே கணக்குதான் அடிப்படை.

இதிலிருந்தே ஒரு கண்டிப்பான விதியும் பிறக்கிறது. தோற்றுக்கொண்டிருக்கும் காசநோய்ச் சிகிச்சையில் புதிதாக ஒரே ஒரு மருந்தைச் சேர்க்கக் கூடாது. பழைய மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள்தான் அப்போது உள்ளே மிஞ்சியிருக்கும். அவற்றைப் பொறுத்தவரை புதிய மருந்து தனியாள். கொஞ்ச நாளில் அதுவும் வீணாகும்.

வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் விழுங்குவதை 'பயன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை' என்று நினைப்பவர்கள் உண்டு. கெடுதல் குடலில் நடக்கிறது. வைரஸுக்கு அந்த மருந்து ஒன்றும் செய்யாது. குடலில் சும்மா வாழும் கோடானுகோடி பாக்டீரியாவைச் சல்லடைபோல் சலித்துவிடும். தங்கியவை எதிர்ப்புள்ள ஈ. கோலை, கிளெப்சியெல்லா போன்றவை. அவை எதிர்ப்பு மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையம் வழியாக மற்ற இனங்களுக்கும் கைமாற்றும். மாதங்கள் கழித்துச் சிறுநீர்த் தொற்று வந்து முதல் மருந்து கேட்காமல் போகும்போது, யாரும் பழைய சளிக்காய்ச்சலை நினைத்துப் பார்ப்பதில்லை.

அறிவியல் கருத்து ஒன்றின் தரத்தை அது முன்கூட்டிச் சொல்வதை வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் எண்ணம். குறைந்த அளவு மருந்து எதிர்ப்புக் கிருமிகளை வளர்த்துவிடும் என்று 1945-இல் தம் நோபல் உரையிலேயே பென்சிலினைக் கண்டறிந்த ஃப்ளெமிங் எச்சரித்தார். மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக் 1959-இல் புழக்கத்துக்கு வந்தது. 1961-இல் அதை எதிர்க்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா பற்றிய செய்தி அச்சில் வந்துவிட்டது.

தேர்வு எதிர்த்திசையிலும் ஓடும். மலாவி நாடு 1993-இல் மலேரியாவுக்கு குளோரோகுயின் கொடுப்பதைக் கைவிட்டது. மருந்து இல்லாத சூழலில், எதிர்ப்புக்காக ஆற்றலைச் செலவழிக்கும் ஒட்டுண்ணி பின்தங்கியது, செலவழிக்காதது பெருகியது. 2006-இல் வெளியான ஆய்வில் அதே மருந்து 99 விழுக்காடு பலன் தந்தது. ஆனால் மருத்துவமனை பாக்டீரியாவிடம் இதை அப்படியே எதிர்பார்க்க முடியாது. எதிர்ப்பின் சுமையைக் குறைக்கும் இன்னொரு மரபணு மாற்றம் பின்னால் சேர்ந்துவிடலாம். பல எதிர்ப்பு மரபணுக்கள் ஒரே பிளாஸ்மிடில் கோத்திருந்தால், ஒரு மருந்தை நிறுத்தினாலும் மற்றொன்று அவை அனைத்தையும் காப்பாற்றிவைக்கும்.

இனி, எத்தனை நாள் சாப்பிடுவது என்ற கேள்வி. காசநோயில் மாதக்கணக்கு குறையவே கூடாது. நடுவில் விட்டால் நோயும் எதிர்ப்பும் சேர்ந்து திரும்பும். சாதாரணத் தொற்றுகள் பலவற்றில் நிலைமை வேறு: குறுகிய சிகிச்சையே நெடியதற்கு ஈடாகப் பலன் தருவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. கூடுதல் நாள்கள் குடல் கிருமிகள் மீதான தேர்வை நீட்டிக்கும், அவ்வளவுதான். ஆனால் நாளைக் குறைக்கும் முடிவு மருத்துவருடையதாக இருக்கட்டும். சீட்டு வாங்கும்போதே 'எத்தனை நாள், ஏன் அத்தனை நாள்' என்று கேளுங்கள். வேளை தவறினால் இரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கி, எளிதில் மடிபவை மட்டும் மடியும், அரைகுறை எதிர்ப்புள்ளவை தேறிவிடும். அதனால் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான். மிஞ்சிய மாத்திரைகளை அடுத்த காய்ச்சலுக்கென்று எடுத்துவைக்காதீர்கள், பக்கத்து வீட்டாருக்கும் கொடுக்காதீர்கள்.