பற்ற மறுக்கும் பெல்லட் அடுப்பு: எரிகிண்ணத்தைப் பார்த்தால் காரணம் தெரியும்

குளிர்நாட்டு வீடுகளில் அறையைச் சூடாக்கும் பெல்லட் அடுப்பில், பொத்தானை அழுத்தியவுடன் தீ வராது. வரவும் கூடாது. அழுத்தியதற்கும் முதல் சுடர் தெரிவதற்கும் இடையே பெரும்பாலான மாடல்களில் ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் அடுப்பு வரிசையாகச் சில வேலைகளைச் செய்கிறது. ஒன்று சரியாக நடந்தது என்று உறுதியானால்தான் அடுத்ததைத் தொடங்குகிறது. எங்கேயாவது சந்தேகம் வந்தால் நின்றுவிடுகிறது. ஆகவே "அடுப்பு ஏன் பற்றவில்லை?" என்று கேட்பதைவிட "எந்தப் படியில் நின்றது?" என்று கேட்பது பயன் தரும். அதற்கான பதில் திரையில் தோன்றும் பிழைக் குறியீட்டைவிடத் தெளிவாக, தீ எரியும் சிறு கிண்ணமான எரிகிண்ணத்துக்குள் கிடக்கும்.

முதலில் எரிபொருள். மரத்தூளைச் சிறு துளைகள் வழியே மிகுந்த அழுத்தத்தில் தள்ளினால் கால்நடைத் தீவனக் குச்சி போன்ற உருளைகள் கிடைக்கும். அவைதான் பெல்லட். வீட்டு அடுப்புகளுக்கு வருபவை பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. இவற்றில் தனியாகப் பசை சேர்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை; மரத்திலேயே இருக்கும் லிக்னின் என்ற பொருள் அழுத்தத்தில் உண்டாகும் வெப்பத்தில் இளகி, ஆறும்போது தூளைப் பிணைத்துவிடுகிறது. நல்ல பெல்லட்டில் ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்காது. நன்றாகக் காய்ந்த விறகில்கூட 15 முதல் 20 சதவீதம் இருக்கும் என்பதோடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும்.

விறகு அடுப்புக்கு மனிதக் கை வேண்டும். அந்தக் கையின் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்ததுதான் பெல்லட் அடுப்பு. வீட்டுக்கான பெல்லட் அடுப்பை 1980களில் உருவாக்கியவர் என்று அறியப்படும் ஜெர்ரி விட்ஃபீல்ட், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த விமானப் பொறியாளர். காற்றோட்டத்தைப் படித்தவர் செய்த அடுப்பு என்பது அதன் அமைப்பிலேயே தெரிகிறது: இதில் தீயை ஆள்வது காற்று.

தொட்டியில் கொட்டிய பெல்லட்டை, அடியில் மெதுவாகச் சுழலும் திருகுத் தண்டு ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளுகிறது. அங்கிருந்து அது சரிந்து, துளைகள் கொண்ட சிறிய இரும்புக் கிண்ணத்தில் விழுகிறது. இதுதான் எரிகிண்ணம். புகைபோக்கிப் பக்கம் இருக்கும் ஒரு விசிறி உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்ற, புதிய காற்று கிண்ணத்தின் துளைகள் வழியே நுழைகிறது. அறைக்குச் சூடான காற்றை அனுப்ப வேறொரு விசிறி உண்டு. அது தீ நன்றாக எரியத் தொடங்கிய பிறகே சுழலும். அந்த விசிறி ஓடவில்லையே என்று தொடக்கத்தில் கவலைப்படுகிறவர்கள் பலர். கவலை தேவையில்லை.

பொத்தானை அழுத்தியதும் புகை விசிறி ஓடும். உள்ளே அழுத்தம் குறைந்ததை ஒரு சுவிட்ச் உறுதி செய்யும். திருகு சுழன்று முதல் பிடி பெல்லட்டைத் தரும். பற்றவைக்கும் கம்பி சூடேறும். தீ பிடித்துப் புகையின் வெப்பம் உயர்ந்ததை ஓர் உணரி கண்டறிந்ததும் கம்பி அணைக்கப்படும். குறிப்பிட்ட நேரத்துக்குள் அந்த வெப்பம் வராவிட்டால் அடுப்பு முயற்சியைக் கைவிட்டுவிடும்.

இப்போது பற்றாத அடுப்பின் கதவைத் திறப்போம். அடுப்பு ஆறியிருக்க வேண்டும், பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

கிண்ணம் காலியாக இருந்தால், சிக்கல் தீ மூட்டுவதில் இல்லை. எரிபொருளே வந்து சேரவில்லை. திரையே ஒளிரவில்லை என்றால் பிளக், மின்சாரம், ஃபியூஸ் என்று போக வேண்டும். திரை ஒளிர்ந்து, விசிறியும் ஓடி, திருகு மட்டும் அசையவில்லை என்றால் முதல் சந்தேகம் அழுத்தச் சுவிட்ச் மீது விழ வேண்டும்.

இந்தச் சுவிட்ச் சற்று நின்று பார்க்கத்தக்க பொருள். உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் ஒரு மெல்லிய சவ்வு. அதன் ஒரு பக்கத்தை ஒரு சிறு ரப்பர் குழாய் அடுப்பின் உட்புறத்தோடு இணைக்கிறது. புகை விசிறி உறிஞ்சும்போது உள்ளே அழுத்தம் சில பத்து பாஸ்கல் குறைகிறது. வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1,01,325 பாஸ்கல். அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்த வேறுபாட்டுக்குச் சவ்வு வளைந்து மின்சுற்றை மூடுகிறது. பல மாடல்களில் திருகின் மோட்டாருக்குப் போகும் மின்சாரமே இதன் வழியாகத்தான் போகிறது. உறிஞ்சல் இல்லையென்றால் புகை வீட்டுக்குள் திரும்பும்; அப்படிப்பட்ட அடுப்புக்கு எரிபொருள் தரக் கூடாது என்பது வடிவமைத்தவரின் எண்ணம். மிகச் சரியான எண்ணம்.

இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டை நம்பியிருப்பதால், அற்பக் காரணங்கள்கூட அதைக் கெடுத்துவிடும். கதவு முழுதாகச் சாத்தப்படாதது, சாம்பல் தட்டு சரியாக உள்ளே போகாதது, புகைக்குழாயில் சாம்பல் படிந்தது, வெளிமுனையில் பறவை கூடு கட்டியது, ரப்பர் குழாயின் வாயைச் சாம்பல் அடைத்தது என எதுவும் காரணமாகலாம். காற்று கசியாமல் கதவைச் சுற்றி அடைக்கும் கேஸ்கெட் கயிற்றைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, இழுத்துப் பார்க்க வேண்டும். தடையின்றி வழுக்கி வந்தால் அந்த இடத்தில் காற்று கசிகிறது. சுவிட்சையே மாற்றிவிடலாம் என்று தோன்றும். ஆனால் பழுதான சுவிட்சைவிட, உண்மையைச் சொன்னதற்காகப் பழி சுமக்கும் சுவிட்ச்தான் அதிகம். அதன் இரு முனைகளையும் ஒயரால் இணைத்து அடுப்பை ஓட்டும் யோசனையை எங்காவது கேட்டிருந்தால் மறந்துவிடுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

திருகு சுழலும் ஓசை கேட்டும் பெல்லட் வரவில்லை என்றால் தொட்டிக்குள் கையை விட்டுக் கிளற வேண்டும், அதுவும் மின்சாரம் துண்டிக்கப்பட்ட நிலையில். பெல்லட்டுகள் ஒன்றையொன்று தாங்கி வளைவாக நின்றுவிடுவது உண்டு. மேலே தொட்டி நிறைந்திருக்கும், கீழே திருகுக்கு ஒன்றும் கிடைக்காது. பையின் அடியில் தேங்கும் தூளையும் சேர்த்துக் கொட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும். இன்னொரு சாதாரணக் காரணம்: தொட்டி முற்றிலும் காலியான பிறகு நிரப்பியிருந்தால், திருகின் முழு நீளமும் வெறுமையாக இருக்கும். பெல்லட் அதைக் கடந்து வருவதற்குள் அடுப்பின் காத்திருப்பு நேரம் முடிந்துவிடலாம். இரண்டாம் முயற்சியில் தானாகச் சரியாகும் கோளாறு இது. தொட்டி மூடி சரியாக மூடாததும், அதிவெப்பக் காப்புச் சுவிட்ச் துண்டித்திருப்பதும் இதே அறிகுறியைத் தரும். பின்னதற்கு அடுப்பின் பின்புறம் பெரும்பாலும் ஒரு சிறு ரீசெட் பொத்தான் இருக்கும். ஆனால் அது ஏன் துண்டித்தது என்று கேட்காமல் மறுபடி மறுபடி அழுத்துவது அறிவீனம்.

கிண்ணம் நிறையப் பெல்லட் இருக்கிறது, எல்லாம் புதிதுபோல வெளிறிய நிறத்திலேயே கிடக்கின்றன என்றால் காற்றும் எரிபொருளும் வந்துவிட்டன, வெப்பம் வரவில்லை. பற்றவைக்கும் கம்பி பொதுவாக 250 முதல் 400 வாட் திறன் கொண்ட, விரல் நீளமுள்ள உலோக உருளை. இது பெல்லட்டைத் தொட்டு எரிப்பதில்லை. ஒரு குழாய்க்குள் இருந்துகொண்டு, தன்னைக் கடந்து போகும் காற்றைச் சூடாக்குகிறது. அந்தச் சூடான காற்று கிண்ணத்தின் ஒரு துளை வழியே பாய்கிறது. கம்பி நன்றாக இருந்தும் தீ பிடிக்காத நிலை இதனால்தான் வருகிறது. சுத்தம் செய்த பிறகு கிண்ணத்தைச் சற்றுத் திருப்பியோ சாய்த்தோ வைத்துவிட்டால், துளையும் குழாயும் நேர்ப்படாது. நேற்றுவரை பற்றிய அடுப்பு சுத்தம் செய்த மறுநாளே பற்றவில்லை என்றால் வேறெதையும் தொடுமுன் இதைப் பார்க்க வேண்டும்.

கிண்ணம் சரியாக அமர்ந்திருந்தால், மின்சாரத்தைத் துண்டித்துக் கம்பியின் இணைப்புகளைக் கழற்றி மல்டிமீட்டரால் மின்தடையை அளக்கலாம். கணக்கு எளிது: மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் திறனால் வகுத்தால் மின்தடை. 230 வோல்ட்டில் இயங்கும் 300 வாட் கம்பிக்கு ஏறத்தாழ 176 ஓம். 120 வோல்ட்டில் இயங்கும் அதே திறனுடையதற்கு 48 ஓம். மீட்டர் எல்லையற்ற தடையைக் காட்டினால் உள்ளே இழை அறுந்துவிட்டது. புதியது வாங்க வேண்டியதுதான். பல மாதங்கள் சும்மா கிடந்த அடுப்பில் வேறொரு வேடிக்கை நடக்கும். கம்பி சூடேறத் தொடங்கியதும் வீட்டின் மின்கசிவுக் காப்பான் துண்டித்துவிடும். உலோக உறைக்கும் இழைக்கும் நடுவே மின்காப்பாக அடைக்கப்படும் மக்னீசியம் ஆக்சைடு, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. முனையின் அடைப்பு விட்டுப்போன கம்பியில் ஈரம் புகுந்து, மின்சாரம் உறைக்குக் கசிகிறது.

மூன்றாவது நிலைதான் சுவையானது. பெல்லட் கறுத்துக் கருகியிருக்கிறது, உள்ளே புகை அடைத்திருக்கிறது, சுடர் மட்டும் எழவில்லை. மரம் நேரடியாக எரிவதில்லை. ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் அதன் ஈரம் ஆவியாகும். 200 டிகிரியைத் தாண்டியதும் மரம் சிதைந்து எரியக்கூடிய வாயுக்களை விடத் தொடங்கும். 300 டிகிரியை ஒட்டி அது வேகம் பிடிக்கும். நாம் சுடர் என்று காண்பது அந்த வாயுக்கள் ஆக்சிஜனோடு கலந்து எரிவதை. கருகியும் சுடர் எழவில்லை என்றால் வாயு வந்தது, அதற்கு ஏற்ற காற்று வரவில்லை. அல்லது வெப்பத்தை ஈரம் விழுங்கிவிட்டது.

ஈரம் எவ்வளவு விழுங்கும்? தொடக்கத்தில் விழும் 100 கிராம் பெல்லட்டில் 8 சதவீத ஈரம் என்றால் 8 கிராம் நீர். அறை வெப்பத்திலிருந்து சூடாக்கி ஆவியாக்க, கிராமுக்கு ஏறத்தாழ 2.6 கிலோஜூல் வீதம் 21 கிலோஜூல் வேண்டும். 300 வாட் கம்பி தரும் வெப்பம் முழுவதும் இதற்கே போனாலும் 70 வினாடி. ஈரம் இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். நடைமுறையில் சூட்டின் பெரும்பகுதி காற்றோடு புகைபோக்கி வழியே ஓடிவிடுகிறது என்பதால் உண்மையான தாமதம் இதைவிடக் கூடுதல். குழாய்க்கு எதிரே இருக்கும் சில பெல்லட்டுகள் காய்ந்தாலே தீ தொடங்கிவிடும் என்பது ஆறுதல். நன்றாக எரியும் அடுப்புக்கு இந்த ஈரம் ஒரு பொருட்டல்ல. தொடங்கும் அடுப்புக்குத்தான் அது சுமை. ஈரம் பட்ட பெல்லட் உப்பி, பளபளப்பு இழந்து, விரலால் நசுக்கினாலே தூளாகும். உலர்த்தி மீட்க முயல்வது வீண் வேலை.

காற்றுக் குறைவுக்கு முதல் காரணம் கிண்ணத்தின் அடைபட்ட துளைகள். மரப்பட்டையும் மண்ணும் கலந்த பெல்லட்டில் சிலிக்காவும் பொட்டாசியமும் கூடுதலாக இருக்கும். அவை சேரும்போது சாம்பலின் உருகுநிலை குறைந்து, சாம்பல் இளகி, ஆறிக் கண்ணாடிபோன்ற கட்டியாக இறுகுகிறது. துடைப்பத்துக்கு அசையாது. கரண்டியால் சுரண்டி, ஒவ்வொரு துளையையும் கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். சலிப்பான வேலை, பற்றாத அடுப்புகளைப் பற்றவைக்க இதைவிடப் பலனுள்ள வேலை எனக்குத் தெரியாது.

இந்த மூன்றாவது நிலையில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தோற்றுப்போன முயற்சியின் பெல்லட்டைக் கிண்ணத்திலேயே விட்டு மறுபடி பொத்தானை அழுத்தினால், இரட்டை அளவு பெல்லட் புகைந்து உள்ளறை முழுவதும் எரிவாயுவால் நிறையும். பிறகு எங்கோ ஒரு பொறி சுடரானதும் மொத்தமும் ஒரே நொடியில் எரியும். கதவின் கண்ணாடி உடையவும் கூடும். ஆகவே ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் கிண்ணத்தைக் காலி செய்ய வேண்டும். எடுத்ததைத் தொட்டியில் திரும்பக் கொட்டக் கூடாது, உள்ளே கண்ணுக்குத் தெரியாத கனல் இருக்கலாம். மூடியுள்ள உலோக வாளியில்தான் போட வேண்டும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சுடர் எழுந்து சில நிமிடங்களில் அணைந்தால் அது தனிக் கதை. பெரும்பாலும் புகை வெப்பத்தை அளக்கும் உணரியின் மேல் சாம்பல் போர்த்தியிருக்கும். தீ எரிவது அடுப்புக்கே தெரியாமல் போகும். துடைத்தால் போதும்.

இந்த வேலைகளையெல்லாம் இயக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையைக் கடைசிக்கு விட்டுவைத்ததற்குக் காரணம் உண்டு. எல்லோரும் முதலில் சந்தேகிப்பது அதைத்தான்; ஆனால் விலை கொடுத்து மாற்றிய பிறகும் அடுப்பு பற்றாமல் நிற்பது உண்டு. அதைக் குற்றவாளி என்று நிறுவ ஒரு சோதனை போதும். தொடக்க நேரத்தில் பற்றவைக்கும் கம்பியின் முனைகளுக்கு முழு மின்னழுத்தம் வருகிறதா என்று அளக்க வேண்டும். வந்தும் கம்பி குளிர்ந்தே இருந்தால் பழுது கம்பியில். சுவிட்சுகளும் ஒயர்களும் சரியாக இருந்தும் மின்னழுத்தம் வரவில்லை என்றால் பலகையில். மின்சாரம் பாயும்போது செய்யும் அளவீடு இது என்பதால், பழகாதவர்கள் இதை மட்டும் தொழில்நுட்பரிடம் விட்டுவிடுவது நல்லது.