அடையாள அணிவகுப்பு: சாட்சி கைகாட்டினால் உங்களுக்குள்ள உரிமைகள்

பல்லடம் சாலையில் மாலை மங்கும் நேரத்தில் செயின் பறிப்பு நடக்கிறது. பறிகொடுத்தவர் பதற்றத்தில் அந்த முகத்தைச் சில நொடிகளே பார்த்திருப்பார். பிறகு பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவரைக் காவல் நிலையத்தில் நிறுத்தி, "இவன்தானே?" என்று கேட்டால், "ஆமாம்" என்று சொல்லிவிடக்கூடும். அவர் பொய் சொல்லவில்லை. காட்டிய முகம் நினைவில் ஒட்டிக்கொள்கிறது.

இதைத் தடுக்கத்தான் அடையாள அணிவகுப்பு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 54-ஆவது பிரிவில் இதற்கு இடமிருக்கிறது. வழக்கமாகச் சிறைக்குள் நீதித்துறை நடுவர் முன்னிலையில் நடக்கும்; போலீசார் அங்கே இருக்கக்கூடாது. கைதானவரைப் போன்ற வயதும் உயரமும் தோற்றமும் உள்ளவர்களோடு அவரை வரிசையில் நிறுத்துவார்கள். எங்கே நிற்பது என்பதை அவரே தேர்ந்தெடுக்கலாம். ஒரு சாட்சி போய் அடுத்தவர் வருவதற்குள் இடம் மாறிக்கொள்ளலாம். சாட்சிகள் ஒவ்வொருவராகத்தான் வரவேண்டும். உறுதியாகத் தெரியவில்லை என்றால் சாட்சி அப்படியே சொல்லலாம், அதில் குற்றமில்லை.

முக்கியமானது, சம்பவத்துக்குப் பிறகு, அணிவகுப்புக்கு முன் சாட்சி கைதானவரைப் பார்த்திருக்கக்கூடாது. முன்பே காட்டினார்கள், படம் வெளியானது என்றால் நடுவரிடம் உடனே சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சாட்சிகள் முன்பே பார்த்துவிட்ட கேரள வழக்கு ஒன்றில், அந்த அணிவகுப்பை 2022-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

தவறாகக் கைதானவர் விடுதலையானாலும் இழந்தது திரும்புவதில்லை. கம்பெனியில் மறுபடி சேர்ப்பதில்லை, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார், தங்கைக்குப் பேசிய சம்பந்தம் நின்றுபோகிறது. போதிய காரணமின்றி ஒருவரைக் கைது செய்ய வைத்தவர் தரவேண்டிய இழப்பீட்டுக்கு அதே சட்டத்தின் 399-ஆவது பிரிவு வைத்திருக்கும் உச்சவரம்பு 1,000 ரூபாய். இது எனக்குப் பொறுக்கவில்லை. தவறான வழக்குகளுக்குத் தக்க இழப்பீடு வழங்கத் தனி ஏற்பாடு வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018-லேயே பரிந்துரைத்துவிட்டது.

காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவச வழக்கறிஞர் உண்டு. கோவை, திருப்பூர், ஈரோடு நீதிமன்ற வளாகங்களில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் குடும்பத்தார் அணுகலாம், 15100-க்கும் அழைக்கலாம். சம்பவ நேரத்தில் அவர் வேலையில் இருந்திருந்தால் கம்பெனியின் வருகைப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். கேமராப் பதிவுகள் சில நாட்களில் தாமாகவே அழிந்துவிடும். அதை முதலில் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.