ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முட்டி

என் பிசியோதெரபி கிளினிக்கிற்கு நாலு படி இறங்கி வர வேண்டும். திங்கட்கிழமைகளில் சிலர் கைப்பிடியை இறுகப் பிடித்து, நண்டு மாதிரி பக்கவாட்டில் திரும்பி இறங்குவார்கள். அவர்கள் உட்காரும் முன்பே கேட்டுவிடுவேன்: "எந்த மலைக்குப் போனீங்க?"

பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். "ஏறினப்போ ஒண்ணுமே இல்ல சார். இறங்குறதுதானேன்னு ஓடி வந்தோம்."

சிக்கலே அந்த 'தானே'யில் இருக்கிறது. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. மூச்சு வாங்கும், தானாக நின்றுவிடுவோம். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. இதற்கு ஆக்சிஜன் குறைவாகவே செலவாவதால் மூச்சு வாங்காது, எச்சரிக்கை மணி அடிக்காது. ஆனால் தசை இழைகளில் நுண்ணிய சேதம் அதிகம். வலியும் அன்றைக்கே வராது. 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்குப் போகும்.

"வாரம் நாற்பது கிலோமீட்டர் ஓடுறவனுக்கா இப்படி?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். அவர் ஓடுவது சமதள ரோட்டில். அது இதயத்தையும் நுரையீரலையும் தயார்படுத்தும், இந்த பிரேக் வேலைக்கு அவ்வளவாகப் பழக்காது. நல்ல செய்தி என்னவென்றால், தசை இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். ஒரே ஒரு தடவை அளவாக இறங்கிப் பழகினாலும், அடுத்த சில வாரங்களுக்குச் சேதம் குறையும். அதனால் பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கச் சொல்கிறேன். ஊரே தலைகீழாகச் சொல்லும், பரவாயில்லை.

நேரக் கணக்கிலும் இறக்கத்தைத்தான் மறக்கிறோம். 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 12 கிலோமீட்டர் பாதையில் 600 மீட்டர் ஏற்றம் என்றால் கிட்டத்தட்ட மூன்றரை மணி நேரம். இதில் ஓய்வும் இல்லை, செங்குத்தான இறக்கத்தின் தாமதமும் இல்லை. அதைச் சேர்க்காதவர்கள்தான் இருட்டுக்குப் பயந்து கடைசி இறக்கத்தில் ஓடுகிறார்கள்.

இறங்கும் முன் ஷூ லேஸை அவிழ்த்து, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பாதம் முன்னால் வழுக்கி, விரல் நுனி இடித்து இடித்து நகம் கறுத்துவிடும். காலடி சின்னதாக, முட்டி லேசாக மடங்கி இருக்கட்டும். கைத்தடி இருந்தால் கொஞ்சம் நீளமாக்கிக்கொள்ளுங்கள். சைக்கிளில் இறங்கும்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால், உள்ளங்கையில் நரம்பு அழுந்துகிறது. நிறுத்திக் கையை உதறுங்கள், பிடியை மாற்றுங்கள்.

கணுக்கால் பிசகி, நாலு எட்டுகூட வைக்க முடியவில்லையா? எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

அப்புறம், தொடை கல்லாக இறுகிக் கடுமையாக வலித்து, சிறுநீரும் கோலா நிறத்தில் போனால் என்னிடம் வராதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தால், சிறுநீரகத்துக்கு இன்னும் கேடு.