க்ளூஜ்: கெட்டிக்காரத்தனம் ஒப்பேற்றலான கதை

கணினி நிரல் எழுதும் நிரலர்கள் பேசிக்கொள்ளும்போது "இந்த இடத்தில் ஒரு க்ளூஜ் போட்டிருக்கிறேன்" என்று சொல்வது உண்டு. சிக்கலின் வேரைத் தொடாமல், கையில் கிடைத்ததை வைத்து, அப்போதைக்கு வேலை நடக்கும்படி செய்த ஏற்பாடுதான் க்ளூஜ். அது வேலை செய்யும். ஆனால் எழுதியவருக்கே அதைத் திரும்பப் பார்க்க மனம் வராது.

ஒரு நிரல் தரவைக் கேட்கிறது, தரவு தரவேண்டிய இன்னொரு நிரல் இன்னும் தயாராகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தயாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழியை எழுதுவதுதான் முறை. அதற்கு நேரமில்லாதவர் "2 விநாடி காத்திரு" என்று ஒரு வரியை நுழைத்துவிடுவார். பெரும்பாலும் அது போதும். கணினி மெதுவாக ஓடும் ஒரு நாளில் போதாமல் போகும்.

இச்சொல்லுக்கு வேராகப் பலரும் காட்டுவது ஜெர்மன் மொழியின் 'க்ளூக்'. அறிவுள்ள, கெட்டிக்காரத்தனமான என்று பொருள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போது அது 'க்ளூகெ' ஆகும். அதே எழுத்துகளை ஆங்கிலம் பேசுவோர் தங்கள் வழக்கப்படி படித்ததில் 'க்ளூஜ்' ஆனது. இன்னொரு கதையும் உண்டு. அமெரிக்காவில் பிராண்ட்யென் அண்ட் க்ளூகெ என்ற நிறுவனம் அச்சு இயந்திரத்துக்குத் தாள் ஊட்டும் கருவி செய்து விற்றது. ஒரே சுழல்தண்டின் விசையில் எல்லாம் இயங்கவேண்டிய சிக்கலான கருவி அது. பழுதானால் சரிசெய்வது பெரும்பாடு. அதனால் அந்தப் பெயரே ஏடாகூடமான இயந்திரத்துக்கு அடையாளமானது என்பார்கள். இந்தக் கதையை ஏற்றாலும் க்ளூகெ என்ற குடும்பப் பெயருக்கும் கெட்டிக்காரர் என்பதுதான் பொருள். எந்த வழியில் போனாலும் ஒரே வேரில்தான் வந்து நிற்கிறோம்.

கணினியாளர்களிடம் இது பரவக் காரணமானவர்களில் ஒருவர் ஜாக்சன் கிரான்ஹோம். 1962 பிப்ரவரியில் 'டேட்டாமேஷன்' இதழில் க்ளூஜ் வடிவமைப்பது எப்படி என்று நையாண்டியாக ஒரு கட்டுரை எழுதினார். ஒன்றோடொன்று பொருந்தாத பாகங்களைச் சேர்த்துக் கட்டிய, பார்க்கச் சங்கடமான முழுமை என்பதே அவர் சொன்ன இலக்கணம். அதைவிடக் கச்சிதமாக இதை இன்றும் சொல்ல முடியவில்லை.

கெட்டிக்காரத்தனம் எப்படி இந்த இடத்துக்கு வந்தது? நமக்கு இது புதிதில்லை. நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று மூக்கைப் பொத்த வைக்கிறது. இதை இழிபொருட்பேறு என்று படித்திருக்கிறோம். ஆனால் க்ளூஜ் முழுதாக இழியவில்லை. 1970 ஏப்ரலில் அப்போலோ 13 விண்கலத்தில் கரியமில வாயு கூடிக்கொண்டே போனபோது, சதுர வடிவ வடிகட்டியை வட்டத் துளைக்கான அமைப்போடு இணைக்கவேண்டியிருந்தது. நெகிழிப்பை, அட்டை, விண்ணுடைக் குழாய், ஒட்டுநாடா ஆகியவற்றைக் கொண்டு இணைத்தார்கள். மூன்று உயிர்கள் பிழைத்தன. அதைக் க்ளூஜ் என்று சொல்பவர் குரலில் மரியாதைதான் இருக்கும்.

ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்த பழைய நிரல்களின் கதை வேறு. 2000 நெருங்கியபோது, 00 என்பது 1900 ஆகிவிடாமலிருக்க, பலர் முழுதாக மாற்றாமல், "50-க்குக் குறைவான எண்ணுக்கு முன்னால் 20, மற்றவற்றுக்கு 19" என்பதுபோல ஒரு விதியைச் சேர்த்தார்கள். சிலர் அந்த எல்லையை 20 என்று வைத்தார்கள். 2020 பிறந்ததும் அப்படிப்பட்ட சில நிரல்கள் அதை 1920 என்று படித்துத் தடுமாறின.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஒட்டுவேலை' நினைவுக்கு வரும். ஆனால் ஒட்டு என்பதை, மென்பொருளில் பிழை திருத்தச் சேர்க்கும் துண்டான 'பேட்ச்' என்பதற்கு விட்டுவைக்க வேண்டும். ஒழுங்காக எழுதிய திருத்தமும் ஒட்டுதான். 'மாற்றுவழி' சிக்கலைச் சுற்றிப் போவதைக் குறிக்குமே தவிர, செய்த வேலையின் அலங்கோலத்தைச் சொல்லாது. 'முட்டுக்கொடுத்தல்' பொருத்தமான படிமம், ஆனால் இன்று அதைக் கேட்டதும் கட்சி வாதம்தான் ஞாபகம் வருகிறது. ஜெர்மன் வேரைப் பிடித்துக்கொண்டு 'மதிநுட்பம்' என்று போனால் பொருளே தலைகீழாகிவிடும்.

என் தேர்வு 'ஒப்பேற்று'. தேறுவது ஒப்பேறுவது, தேறாததை இருப்பதைக் கொண்டு தேறவைப்பது ஒப்பேற்றுவது. "எப்படியோ ஒப்பேற்றிவிட்டான்" என்பதில் குறையும் இருக்கிறது, பாராட்டும் இருக்கிறது. க்ளூஜுக்கு வேண்டிய இரண்டு முகமும் இதுதான். வினையாக ஒப்பேற்றுதல், பெயராக ஒப்பேற்று, அடையாக ஒப்பேற்று நிரல் என்று மூன்று விதமாகவும் புழங்கும். முன்னே சொன்ன "2 விநாடி காத்திரு" வரிக்குப் பக்கத்தில் இப்படிக் குறிப்பு எழுதலாம்: "இது ஒப்பேற்று. தரவு தயாரா என்று கேட்கும் வழி வந்ததும் நீக்கவும்."